சொன்னவனுக்கு விலங்கு
(ஏலகிரி அடிவாரச் சரித்திரம் – இயல் 14)

ஏலகிரியின் வடசரிவில் நின்று கீழே நோக்குவோர்க்கு வாணியம்பாடியும், அதற்கப்பால் ஆம்பூரும், ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாறும், அவ்வாற்றை விட்டு அதிகம் விலகாமலே செல்லும் இருப்புப்பாதையும் பெங்களூர் நெடுஞ்சாலையும் ஒருசேரக் காட்சி தரும். தெற்கே ஏலகிரியும் ஜவ்வாது மலையும் நெருங்கிவர, வடக்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் கிளைகள் எதிர்கொண்டு நிற்க, இடையே எஞ்சிய இந்த ஒடுங்கிய வழியாகத்தான் மைசூர்ச் சீமையிலிருந்து ஆர்க்காட்டுக் கர்நாடகத்துக்குள் புக விரும்பிய சேனைகள் பல இறங்கின. அவற்றை மறிக்க விரும்பியவர்களும் இங்கேதான் காத்துநின்றார்கள். இன்று தோல் ஏற்றிய லாரிகளும், காலணித் தொழிற்சாலைகளுக்கு வேலையாட்களைக் கொண்டுசெல்லும் பேருந்துகளும் ஓடுவது அதே வழியில்தான்.

முந்தைய இயல்களில் இவ்வழியே வந்துபோன படைத்தலைவர்களையும், அவர்கள் பிடித்தும் இழந்தும் போன கோட்டைகளையும் பற்றி விரிவாகக் கூறினோம். இவ்வளவு விவரமும் எப்படிக் கிடைத்தது என்று ஒருவர் வினவினால் அது நியாயமான வினாவே. சரித்திரம் எழுதுகிறவன் கோட்டைக்கும் வெளியே, காலத்துக்கும் வெளியே சௌகரியமாக அமர்ந்து எழுதுகிறவன். அவனுக்கு முன்னே வேறொருவர் குண்டு விழுகிற இடத்தில் நின்று கண்ணால் கண்டிருக்க வேண்டும், கண்டதை மறைக்காமல் யாரிடமேனும் சொல்லியும் இருக்க வேண்டும். அப்படிச் சொன்னவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதே இவ்வியலின் விஷயம்.

முதலில் ஆம்பூர். 1749 ஆகஸ்டு 3-ஆம் தேதி, ஆர்க்காட்டு நவாப் அன்வாருதீன் கான் மலையடியில் அகழ் வெட்டிப் பீரங்கிகளை நிறுத்தி வழிமறித்திருக்க, அப்பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும் அவர் கூட்டாளி முஸாபர் ஜங்கும் புதுச்சேரியிலிருந்து வந்துசேர்ந்த பிரெஞ்சுப் பட்டாளத்தின் துணையோடு தாக்கினார்கள். இரண்டு முறை தாக்கிப் பின்வாங்கிய பிரெஞ்சுக்காரர் மூன்றாம் முறை அகழைத் தாண்டினர். தம் யானையைச் சந்தா சாகிபின் யானைமீது நேரே செலுத்திக்கொண்டு சென்ற கிழநவாப், துப்பாக்கிக் குண்டு பட்டு அம்பாரியிலிருந்து சாய்ந்தார். மூத்த மகன் மாபூஸ் கான் பிடிபட்டார். இளையவர் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக்கு ஓடினார். அன்று நவாபுக்கு வயது 107 என்று எழுதிவைத்தவர் ஆங்கிலச் சரித்திரக்காரர் ராபர்ட் ஓர்ம், நம்புகிறவர்கள் நம்பலாம். ஓர்ம் ஆம்பூரில் நின்றவரல்லர். நின்றவர்கள் சொல்லக் கேட்டு, பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் அச்சேற்றியவர். தோற்றவன் வீரத்தை மிகைப்படுத்தினால் வென்றவன் கீர்த்தியும் கூடும் என்பது போரைப் பற்றிச் செவிவழியாகக் கேட்டு எழுதுவோரெல்லாம் அறிந்த தந்திரமாதலால், அந்த நூற்றேழில் எவ்வளவு மெய், எவ்வளவு பீரங்கிப் புகை என்று யாரும் பிரித்தறிய முடியாது.

அக்காலத்தில் பக்கத்திலிருந்து கண்டு எழுதியவர் நம்மவர் ஒருவர் உண்டு: புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்சு துரையின் பெரிய துபாஷாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761-இல் உயிர் பிரியுமட்டும் அவர் எழுதிவந்த தினப்படிச் சேதிக் குறிப்பைப் பற்றி இத்தொடரில் பலமுறை பிரஸ்தாபித்திருக்கிறோம். 1748-இல் ஆங்கிலக் கடற்படைத் தலைவன் போஸ்கவன் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது, பிள்ளை நகருக்குள்ளேயே இருந்து, விழுந்த குண்டுகளையும் ஓடிய ஜனங்களையும் பற்றி எழுதினார். அதே முற்றுகையின்போதுதான், செப்டம்பர் மாதத்தில், பிரெஞ்சுக்காரர் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். தமக்குச் சோறிட்டவர்கள் செய்த அக்காரியத்தையும், தடுக்க வழியற்றுத் தமிழர் நின்ற நிலையையும், துரையின் மனைவி அதில் காட்டிய ஊக்கத்தையும் பிள்ளை மறைக்காமல் பதிந்துவைத்தார். எதிரியின் குண்டைப் பற்றி எழுத அவருக்கு எந்தச் சங்கடமும் இருந்திருக்காது. எசமானியம்மாளின் செயலை எழுதிய ஏடு அவள் கையில் அகப்பட்டிருந்தால் பிள்ளையின் பதவி என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப்பார்த்தால்தான், அவர் எங்கே துணிவு காட்டினார் என்பது புலப்படும். ஆனால் அவர் அதைத் தம் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். நூறாண்டு கழித்தே அது வெளிப்பட்டது. பூட்டிவைக்காமல் வாய்விட்டுச் சொன்னவனுக்கு நேர்ந்தது வேறு. அதைக் காண நாம் ஆம்பூரை விட்டுப் பாலாற்றோடு கிழக்கே வேலூருக்குச் செல்ல வேண்டும்.

1805 நவம்பரில் சென்னைச் சேனாபதி சர் ஜான் கிராடக் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை ஒன்றை விதித்தார். பார்வைக்கு வெள்ளைக்காரன் தொப்பியை ஒத்திருந்த அதன் முகப்பில் தோலாலான குஞ்சம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. கூடவே, அணிவகுப்பில் நிற்கும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடையை மழிக்க வேண்டும் என்ற கட்டளைகளும் வந்தன. தோலைக் கொண்டே ஜீவிக்கின்ற ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஊர்களிலிருந்து இதைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒரு துண்டுத் தோலுக்காகவா இவ்வளவு என்று தோன்றலாம். பசுவின் தோலோ பன்றியின் தோலோ என்று தெரியாத ஒன்றைத் தலைமேல் தரிக்கச் சொன்னது இந்துவுக்கும் முஸ்லிமுக்கும் ஒருங்கே பொறுக்கமுடியாத அவமானமாயிற்று என்பதையும், கேட்க நாதியில்லாத இடத்தில் அவமானம் பன்மடங்கு கனக்கும் என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும். 1806 மே மாதத்தில் வேலூரிலிருந்த நாலாம் ரெஜிமெண்டின் இரண்டாம் பட்டாளத்தார் அத்தலைப்பாகையை அணிய மறுத்தார்கள். விசாரணையில் இந்து ஒருவருக்கும் முஸ்லிம் ஒருவருக்குமாக இருவருக்குத் தலா 900 கசையடியும், மற்றவர்களுக்கு 500 கசையடியும் விதிக்கப்பட்டன. பிந்தியவர்கள் மன்னிப்புக் கேட்டுத் தண்டனையிலிருந்து தப்பினர். அந்த இருவர் ஆயுதம் எடுக்கவில்லை, பகைவனைக் கொல்லவில்லை, மாட்டேன் என்ற ஒரு சொல்லைச் சொல்லி முதுகைக் கொடுத்தார்கள். வேலூர்ப் புரட்சியின் கதையைத் துப்பாக்கி வெடித்த இரவிலிருந்து தொடங்குகிறவர்கள் இவர்களை மறந்துவிடுகிறார்கள்.

நாலாம் ரெஜிமெண்டு அங்கிருந்து மாற்றப்பட்டது. அதன் இடத்துக்கு வந்தவர்களும் அதே தலைப்பாகையைத்தான் அணிய வேண்டியிருந்தது. ஜூன் மாத நடுவில், முதலாம் ரெஜிமெண்டைச் சேர்ந்த முஸ்தபா பேக் என்னும் சிப்பாய் தன் தளபதி கர்னல் ஃபோர்ப்ஸிடம் சென்று, கோட்டையிலுள்ள வெள்ளைக்காரர் அனைவரையும் கொல்லச் சதி நடக்கிறது என்று முறையிட்டான். கர்னல் செய்தது என்ன? சதியில் கலந்திருந்த சுதேசி அதிகாரிகளையே கூட்டிவைத்து, இவன் சொல்வது மெய்யா என்று விசாரிக்கச் சொன்னார். அவர்கள் கூடி ஆலோசித்து, இவன் சித்தம் கலங்கியவன், படைக்கு அவப்பெயர் உண்டாக்குகிறவன் என்று தீர்ப்பளித்தார்கள். சொன்னவனுக்குக் கைவிலங்கு மாட்டிச் சிறையில் அடைத்தார்கள். தளபதி நிம்மதியாக உறங்கப் போனார்.

முஸ்தபா பேக்கை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில் நம்மவரிடையே தயக்கம் உண்டு. அந்நியனுக்கு எதிராக எழுந்தவர்களைக் காட்டிக்கொடுத்தவன் துரோகி என்பார் ஒரு சாரார். அந்த ஆத்திரத்தை நான் குறைகூற மாட்டேன். ஆயினும் அவன் கண்ட செய்தி பொய்யன்று. அதைச் சொன்னால் தோழர்கள் பகைப்பார்கள் என்றும், சொல்லப்பட்டவர்கள் நம்பமாட்டார்கள் என்றும் அவன் அறியாதிருக்க முடியாது. இரு தரப்பும் கேட்க விரும்பாத ஒன்றைச் சொன்னான். ஒரு தரப்பு பைத்தியம் என்றது, மறுதரப்பு அதை ஒப்புக்கொண்டது. அவன் தோழர்களின் நெஞ்சுரத்தைப் போற்றுகிற அதே மனத்தால் அவன் நெஞ்சுரத்தையும் மதிப்பதில் எனக்கு முரண்பாடு ஏதும் தெரியவில்லை.

ஜூலை 9-ஆம் தேதி கோட்டைக்குள் சிறையிருந்த திப்பு சுல்தானின் குடும்பத்தில் ஒரு மகளுக்குத் திருமணம். மறுநாள் விடியலில் கவாத்து இருந்தமையால் சிப்பாய்கள் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே தங்கினர். நள்ளிரவில் காவல் சுற்றிவர வேண்டிய வெள்ளை அதிகாரி, அவ்வேலையைச் சுபேதாரிடம் ஒப்படைத்தார். சுபேதார் அதை ஜமேதார் ஷேக் காசிமிடம் ஒப்படைத்தார். ஷேக் காசிமோ சதியின் தலைவர்களுள் ஒருவர். பிறகு நடந்ததை வாசகர் அறிவர். பொழுது விடியுமுன் 69-ஆம் ரெஜிமெண்டைச் சேர்ந்த வெள்ளைச் சோல்ஜர்கள் படுக்கையிலேயே சுடப்பட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். கொடிக்கம்பத்தில் மைசூரின் புலிக்கொடி ஏறியது.

அன்றைய கோட்டைத் தளபதி கர்னல் ஃபான்கோர்ட்டின் மனைவி அமீலியா எழுதிய விருத்தாந்தம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. வெடிச்சத்தம் கேட்டுக் கணவர் வெளியே சென்றார், மீளவில்லை. இரண்டு சிறு குழந்தைகளோடு தனித்துவிடப்பட்ட அந்த அம்மாள் அறைக்கு அறை ஒளிந்து, இறுதியில் ஒரு கோழிக்கூட்டில் பதுங்கினார். அவரையும் குழந்தைகளையும் அங்கே கண்டுகொண்ட சிப்பாய் ஒருவன் அவர்களைக் கொல்லாமல் காத்தான். அடிபட்டுக் கிடந்த கணவர் அன்று பிற்பகலில் உயிர்நீத்தார். விதவையான அம்மாள் அந்த நாளை எழுதியபோது, கணவரைக் கொன்ற கூட்டத்தைச் சேர்ந்தவன் ஒருவனே தம் குழந்தைகளைக் காத்தான் என்ற செய்தியை விட்டுவிடாமல் எழுதினார். அதை மட்டும் எழுதாமல் விட்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? பழிவாங்கும் வெறி தலைக்கேறியிருந்த அச்சமயத்தில் அவர் இனத்தார் அப்படியொரு செய்தியைக் கேட்க ஆவலாயிருந்திருக்க மாட்டார்கள். அவ்விருத்தாந்தம் 1842-இல், முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, எங்கோ ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்துப் பத்திரிகையில் அச்சாயிற்று. காத்தவன் பெயர் அதற்குள் காற்றோடு போயிற்று. அன்று பிற்பகலில் கோட்டைக்குள் சிக்கியவர்களுள் அவனும் ஒருவனோ என்பதை நினைக்கவும் மனம் கூசுகிறது.

அந்தப் பிற்பகலைக் கண்ட சாட்சி ஜான் பிளாகிஸ்டன் என்னும் இளம் என்ஜினீயர். ஆர்க்காட்டிலிருந்து பதினாறு மைல் குதிரையை விரட்டிக்கொண்டு வந்த கர்னல் கில்லெஸ்பி, மேலிருந்த சோல்ஜர்கள் தங்கள் தோல்வார்களை முடிந்து இறக்கிய கயிற்றைப் பற்றி மதிலேறினார். பின்னே வந்த பீரங்கிகளைக் கொண்டு கோட்டைக் கதவைத் தகர்த்தவர்களுள் பிளாகிஸ்டன் ஒருவர். கதவு உடைந்தபின் குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. இறந்த சிப்பாய்களின் தொகை முந்நூற்றைம்பது என்பது குறைந்த கணக்கு. அதனினும் இருமடங்கு சொல்வோர் உண்டு. திப்புவின் மக்கள் இருந்த அரண்மனைக்குள் அடைக்கலம் புகுந்த நூறு பேரைக் கில்லெஸ்பி வெளியே இழுத்துவரச் செய்து, ஒரு சுவரின் கீழ் நிறுத்தி, ஒருவரும் எஞ்சாதபடி பீரங்கிச் சில்லுகளால் சுட்டுத் தீர்க்கச் செய்தார். இதை நமக்குச் சொன்னவர் பிளாகிஸ்டன்தான். 1829-இல் வெளிவந்த தம் நூலில் இக்காட்சியை விவரித்துவிட்டு, அப்போது தாம் ஏறக்குறைய எவ்விதக் கலக்கமுமின்றி அதைப் பார்த்துக்கொண்டு நின்றதாகவும், அக்கணத்தில் அது முற்றும் தகுந்த நீதியாகவே தமக்குப் பட்டதாகவும், இத்தனை ஆண்டுகள் சென்றபின் அச்செயலை ஒப்புக்கொள்வதும் அன்றைய தம் மனநிலையை விளங்கிக்கொள்வதும் கடினமாயிருப்பதாகவும் எழுதினார்.

வேலூரைப் பற்றி நான் படித்தவற்றுள் இப்பகுதிக்கு நிகராக என்னை நிறுத்திவைத்தது வேறொன்றில்லை. கில்லெஸ்பியின் குதிரையைப் பற்றியும் கயிற்றைப் பற்றியும் ஆங்கிலத்தில் பாட்டே உண்டு. வென்றவனைப் பாடுவதற்குத் தைரியம் வேண்டியதில்லை. வென்ற தரப்பில் நின்று, வெற்றியின் நடுவில் நடந்த படுகொலையை எழுதி, அதைக் கண்டும் பதறாத தன் நெஞ்சையும் சேர்த்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதற்கு மதிலேறுவதைவிடக் கூடுதலான துணிவு வேண்டும். பிளாகிஸ்டன் உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. சுவரின் கீழ் நின்ற நூறு பேருக்கு அவருடைய இருபத்துமூன்றாண்டு கழிந்த சஞ்சலத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆனால் அவர் எழுதாதிருந்தால் அந்தச் சுவரைப் பற்றி இவ்வளவு தெளிவாக நாம் அறிந்திருக்க மாட்டோம்.

சுடப்பட்டவர்களின் தரப்பைச் சொன்னவர் எவர்? அவர்களிலிருந்து ஓர் ஆனந்தரங்கப் பிள்ளையும் எழுதவில்லை, ஓர் அமீலியாவும் எழுதவில்லை. விசாரணைக் குழுவின் முன் விலங்கோடு நின்று அவர்கள் அளித்த வாக்குமூலங்கள், கேள்வி கேட்டவனின் மொழியில், கேள்வி கேட்டவன் விரும்பிய அளவில் மட்டும் எஞ்சியிருக்கின்றன. சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள், சிலரை நாடு கடத்தினார்கள். கலகத்தில் கலந்த மூன்று பட்டாளங்களும் கலைக்கப்பட்டன. முஸ்தபா பேக்கின் விலங்கு கழற்றப்பட்டு, 2,000 வராகன் வெகுமதியும் சுபேதாருக்குரிய ஓய்வூதியமும் தரப்பட்டன. மேலிடத்தாரில் சென்னைக் கவர்னர் பெண்டிங்கும் சேனாபதி கிராடக்கும் 1807-இல் திருப்பி அழைக்கப்பட்டார்கள். தலைப்பாகை உத்தரவு ரத்தாயிற்று. வேலூர் நிகழ்ச்சியின் இருநூறாம் ஆண்டில், 2006 ஜூலையில், இந்தியத் தபால் துறை முத்திரை ஒன்று வெளியிட்டது.

போர்ச்செய்தி சொல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் வேலூர் நிகழ்ச்சிக்குப் பின் அரைநூற்றாண்டு கழித்தே தோன்றினார்கள். கிரிமியாப் போரில் ஆங்கிலச் சேனை சீரழிந்த விதத்தை எழுதி மந்திரிசபையின் பகையைத் தேடிக்கொண்ட லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் வில்லியம் ஹோவர்டு ரஸ்ஸல், 1858-இல் லக்னோவுக்கு வந்தார். சிப்பாய்க் கிளர்ச்சி அடக்கப்பட்ட வடநாட்டில் மரத்துக்கு மரம் மனிதர் தொங்கிக்கொண்டிருந்த அவ்வேளையில், தம் இனத்தார் செய்த பழிவாங்கலை அவர் கண்டித்து எழுதினார். வேலூரில் தற்செயலாக அகப்பட்டவர்கள் செய்ததை அவர் சம்பளத்துக்குச் செய்தார். அதனால் மதிப்புக் குறையவில்லை.

நம் காலத்தில், தமிழ் பேசும் ஊரிலேயே, இதன் தொடர்ச்சி உண்டு. வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. முகாம்வாசிகளுக்குப் புது வீடு கட்டும் திட்டத்தை 2021 நவம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அங்கேதான் தொடங்கிவைத்தார். கடலுக்கு அக்கரையில் போர் நடந்த ஆண்டுகளில், அங்கே விட்டுவந்த உறவினரின் கதியை அறிய, இரவானதும் சிற்றலை வானொலியைத் திருகி பி.பி.சி.யின் 'தமிழோசை'யைத் தேடிய காதுகள் தமிழகமெங்கும் இருந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து அந்நிலையத்துக்குச் செய்தி தந்தவர் மயில்வாகனம் நிமலராஜன். தமிழ் கேட்போர்க்கு மட்டுமன்றி, பி.பி.சி.யின் சிங்கள ஒலிபரப்புக்கும், கொழும்பில் வெளியான 'ராவய' என்னும் சிங்களப் பத்திரிகைக்கும் அவர் செய்தியளித்தார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு தரப்புக்கு மட்டும் ஊதுகிறவர் மறுதரப்பின் மொழியில் தம் செய்தி சோதிக்கப்படுவதை விரும்பமாட்டார். 2000 அக்டோபர் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நடந்த முறைகேடுகளையும் மிரட்டல்களையும் அவர் வெளிப்படுத்தினார். அக்டோபர் 19-ஆம் தேதி இரவு, ஊரடங்கு அமலில் இருக்கையில், இராணுவக் காவல் சூழ்ந்த பகுதியிலிருந்த தம் வீட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ஜன்னல் வழியே சுட்டுக் கொல்லப்பட்டார். வீசப்பட்ட கையெறிகுண்டால் வீட்டாரும் காயமுற்றனர். ஊரடங்கு வேளையில் துப்பாக்கியோடு தெருவில் நடமாட யாருக்கு இயலும் என்ற கேள்வி அன்றே எழுந்தது.

அடுத்த ஏப்ரலில், அயல்நாட்டு நிருபர்களுக்கு அரசு தடைவிதித்திருந்த வன்னிக்குள் சென்று, மருந்துக்கும் வழியில்லாத மக்களைக் கண்டு மீண்டுகொண்டிருந்த 'சண்டே டைம்ஸ்' நிருபர் மேரி கால்வின், பத்திரிகையாளர் என்று கூவியும் விடாத தாக்குதலில் இடக்கண்ணை இழந்தார். மிஞ்சிய கண்ணோடு மேலும் பல போர்க்களங்களுக்குச் சென்ற அவர், 2012 பிப்ரவரி 22-இல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் பீரங்கித் தாக்குதலில் மாண்டார். கால்வினுக்கு வெளியே போக ஒரு நாடு இருந்தது; பிறந்த ஊரையே தன் களமாகக் கொண்ட நிமலராஜனுக்கு அது இல்லை. அவருக்குச் செய்தி தந்தவர்களும், பிணத்தைச் சுமந்தவர்களும் ஒரே பட்டணத்தார்.

நிமலராஜன் கொலைக்காகப் பல ஆண்டுகளுக்கு முன் பிடிக்கப்பட்டவர்கள் 2021-இல் வழக்கிலிருந்து விடுவிக்கப்பட்டனர். 2022 பிப்ரவரியில் லண்டன் மாநகரப் போலீசார் இங்கிலாந்தில் ஒருவரைக் கைதுசெய்து விசாரித்தனர்.

வேலூர்க் கோட்டைக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு மேல்மொணவூர் முகாமோடு தொடங்கியதன்று. திப்புவின் மக்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டபின் வெறுமையாய்க் கிடந்த மாளிகைகளில் ஒன்றுக்கு, கண்டி இராச்சியத்தின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816-இல் சிறைப்படுத்திக் கொண்டுவரப்பட்டான். பதினாறு ஆண்டுகள் அவன் அங்கே இருந்து மாண்ட கதை அடுத்த இயலில்.

(தொடரும்)